நடையின் நிறம்

வீட்டுக்கு வண்ணம் பூச வேண்டும் என்றார்கள். பூசலாமே என்றோம். எந்த வண்ணம் என்றார்கள். ஏதேனும் ஒரு வண்ணம் என்றோம். அந்த ‘ஏதேனும் ஒன்று’ என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு குடும்பத்தின் அச்சமும் ஆசையும், பழக்கமும் பாசமும், பொய்யும் பெருமையும் அடுக்கடுக்காய் அடைந்து கிடக்கின்றன என்பதை, அந்தக் குடும்பத்திலேயே பிறந்து 26 ஆண்டுகள் வளர்ந்தும் நாம் அறிந்தோமில்லை. அறிய வைத்தது ஒரு சுவர்.

நம் வீடு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே, பாட்டனார் 1961-இல் கட்டியது. இருபுறமும் அண்டை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. தெருப்படி ஏறினால் திண்ணை. திண்ணை தாண்டினால் நடை. நடை முடிந்தால் கூடம். வழக்குக்கு இடமான நிலம் அந்த நடைதான். நீளம் 22 அடி; அகலம் 4 அடி. சாளரம் கிடையாது. உச்சிப் பொழுதிலும் அங்கே அந்திப் பொழுது. தரை வெளிறிய மொசைக். நடை முடிந்து கூடத்துக்கு இறங்கும் இடத்தில் 5 அங்குல உயரத்தில் ஒரே ஒரு படி. அதுவும் அதே மொசைக். படி எது, தரை எது என்று பழகிய காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. சென்ற ஆடி மாதத்திலே அந்தப் படியில் இடறி விழுந்த அப்பாயி மணிக்கட்டை முறித்துக் கொண்டார். அவருக்கு வயது 81. ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. மற்றொன்றில் இனித்தான் நீக்க வேண்டும்.

ஆகவே, அப்பாயி விழுந்ததனால் வண்ணம் பூச முற்பட்டோம் என்று எண்ணுவீர்கள். இல்லை, தோழர்களே! தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்காக! எலும்பு முறிந்தபோது எழாத எண்ணம், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் எழுந்தது. இதை எழுதும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முன்னாளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. தை பிறக்குமுன் சுண்ணாம்பு வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியிலிட்டு நீர் ஊற்றினால், கொதிக்கும், குமுறும், ஆவி கக்கும். ஆறியதும் வடிகட்டி, சிறிது கோந்தும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, மட்டையால் இழைத்தால் முடிந்தது கதை. பூசும்போது பார்த்தால் ஈரச் சுவர் ஏதுமற்றதுபோல் இருக்கும். காயக் காய வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, நீர்த்த சுண்ணாம்பு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடுகிறது. அதாவது, பழைய வீடுகளின் வெள்ளைச் சுவர்மேல் ஆண்டுக்கொரு முறை மெல்லியதொரு கற்படலத்தைப் போர்த்தினார்கள் நம் முன்னோர். அதன் காரத்தன்மை பூஞ்சையையும் கிருமியையும் அண்டவிடாது. மங்கலம் என்று அவர்கள் சொன்னதன் உள்ளே இவ்வளவு மருத்துவம் இருந்தது. நிறத்தைப் பற்றிய விவாதமே அன்று இல்லை. வெள்ளை ஒன்றுதான் நிறம். தேர்ந்தெடுக்க ஆயிரம் நிறம் வந்த பிறகுதான் தேர்ந்தெடுத்துத் தருவதற்கென்று ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களில் முதல்வர் வாஸ்து வல்லுநர். அப்பா தொலைபேசியிலே அவரை அழைத்தார். வீட்டையே காணாத அந்த வல்லுநர், வாசல் எந்தத் திசை என்று கேட்டார்; ‘பச்சை’ என்று தீர்ப்பளித்தார். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. தொலைக்காட்சியில் காலைதோறும் வரும் மற்றொரு வல்லுநர், அதே திசைக்கு மஞ்சள்தான் உகந்தது என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாராம். ஒரே திசை, ஒரே சாத்திரம், இரண்டு நிறம்! ஒருவர் சொன்னது மெய்யானால் மற்றவர் சொன்னது பொய். இரண்டும் பொய்யாக இருக்கக் கூடாதா என்றோம் நாம். அப்பா நம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு செய்தித்தாளை விரித்துக் கொண்டார். நம் வீட்டில் வாஸ்து ஒழிந்தது பகுத்தறிவால் அன்று. வல்லுநர் இருவர் ஒத்துப் போகாததால்.

இரண்டாவதாக வந்தது அத்தையின் தீர்ப்பு. இதை எளிதில் ஒழிக்க இயலவில்லை. ஏனெனில் இது சாத்திரத்திலிருந்து வரவில்லை, அன்பிலிருந்து வந்தது.

“வெளிர் ரோஜா நிறம் அடித்துவிடு தம்பி. பிள்ளை வந்து நிற்கும்போது முகம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும்.”

எடுப்பாக! அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைத் தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தங்கை கறுப்பு. நல்ல கறுப்பு, நம் அப்பாயியின் கறுப்பு. சிறு வயதில் கடலைமாவு, பிறகு மஞ்சள், அதன் பிறகு களிம்பு என்று அவள் முகத்தின்மேல் இந்த வீடு பூசிய பூச்சுகளைக் கணக்கிட்டால், நடைச் சுவருக்குப் பூசியதைவிட மிகும். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, 45 ஆண்டுகள் வெண்மையைப் பெயரிலேயே விற்றுவிட்டு, 2020-இல் ஊரார் கண்டனத்துக்குப் பின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. பெயர் மாறிய பின்னும் நம் வீட்டு அலமாரியில் அதன் இடம் மாறவில்லை.

அத்தைக்கு மறுமொழி சொல்ல நாம் எழுந்தோம். வெறுமனே எழவில்லை; வரலாற்றோடு எழுந்தோம். கல்லூரியில் வரலாறு படித்தவர்கள் வீட்டில் செய்யும் கொடுமைகளில் இது ஒன்று.

“பிரெஞ்சு நாட்டிலே ஷெவ்ரல் என்றொரு வேதியியல் அறிஞர். பாரிசில் கோப்லான் என்னும் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவர். கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கித் தெரிகிறது என்று குற்றம் சாட்டினார்கள். ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை; கறுப்பு நூலை ஒட்டி நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கச் செய்தன என்று கண்டார். எந்த நிறமும் தன்னளவில் தெரிவதில்லை. பக்கத்து நிறத்தோடு சேர்ந்தே கண்ணுக்குத் தெரிகிறது. 1839-இல் இதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். ஆதலால், அத்தை, வெளிறிய சுவரின் முன் கறுத்த முகம் மேலும் கறுத்துத்தான் தெரியும். அதுவே கருநீலச் சுவரானால் முகம் பளிச்சென்று துலங்கும். கருநீலம் அடிப்போம்!”

முழங்கி முடித்து, வெற்றி கண்டவராக நின்றோம். அத்தை வாயடைத்தார். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். கூடத்து ஓரத்தில், பணிக்குப் புறப்படப் பையை எடுத்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

“அண்ணா, அத்தை என்னை வெளுப்பாகக் காட்டச் சுவரை வெளுக்கச் சொல்கிறார். நீ என்னை வெளுப்பாகக் காட்டச் சுவரைக் கருக்கச் சொல்கிறாய். அவர் படிக்காதவர், நீ படித்தவன். வேறு என்ன வேற்றுமை?”

தோழர்களே! மேடையிலே எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். வகுப்பறையிலே 40 பிள்ளைகளின் குறுக்குக் கேள்விகளை அன்றாடம் சமாளிக்கிறோம். அன்று நாவெழவில்லை. ‘நாம்’ என்று எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பிழையும் பன்மையிலே பரவிப் பலர் தலையில் விழுந்துவிடும். இந்த இடத்தில் அந்த வசதி வேண்டாம். பிழை செய்தவர் நாம் ஒருவரே.

அவள் அதோடு விடவில்லை. “சாயத்துக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன். என்னை எவரும் கேட்கவில்லை, போகட்டும். அந்த நடையில் விழுந்தவர் அப்பாயி. அவரை எவராவது கேட்டீர்களா? கருநீலம் அடித்தால் அவர் அடுத்த முறை இடுப்பை முறித்துக்கொள்வார்.”

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பணி. நாள் முழுதும் ஊராருடைய இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பவள். ஒளி குறைந்தால் என்ன தவறு நேரும் என்பது அவளுக்குத் தெரியும். நமக்கு ஷெவ்ரல்தான் தெரியும்.

அவள் போன பிறகு அப்பாயியிடம் சென்று அமர்ந்தோம். என்ன நிறம் வேண்டும் என்றோம். “நிறம் கிடக்கட்டும் அப்பு, படி தெரிய வேண்டும்” என்றார். இத்தனை நாள் நடந்த வாதத்தில் வீட்டின் தேவையைச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

பிறகுதான் உருப்படியாக வேலை தொடங்கிற்று. முதியோர் கண்ணைப் பற்றிப் படித்தோம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியை விழுங்குகிறது. 20 வயதுக் கண்ணின் உட்புறத்தை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணை அடைகிறதாம். புரை படர்ந்த 81 வயதுக் கண்ணுக்கு எவ்வளவு எஞ்சும்! நமக்கு அந்தியாகத் தெரியும் நடை அவருக்கு நள்ளிரவு.

வண்ணம் பூச வந்தவர் அண்டை ஊர்க்காரர். 30 ஆண்டுகளாகச் சுவரோடு வாழ்பவர். நாம் நிற அட்டையைக் கையில் கொடுத்ததும் அதைத் திருப்பித் திண்ணையில் கவிழ்த்து வைத்தார்.

“அட்டையை நம்பாதீர்கள் தம்பி. இது குறுகல் நடை. இங்கே நிறம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கும். அட்டையில் ஒரு பங்கு என்றால் சுவரில் இரண்டு பங்கு ஏறும்.”

நிறம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்! கவிதையென்று நினைத்தோம், பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தோம், கணக்கு அவர் பக்கம்தான் நின்றது. வாசலில் நுழையும் ஒளி 22 அடியையும் நேரே கடந்து வந்துவிடுவதில்லை. இடச்சுவரில் முட்டி, வலச்சுவரில் முட்டி, மீண்டும் இடச்சுவரில் முட்டித்தான் உள்ளே வருகிறது. ஒவ்வொரு முட்டலுக்கும் சுவர் ஒரு வரி வாங்குகிறது. 100 பங்கில் 80 பங்கைத் திருப்பித் தரும் வெளிறிய சுவரானால், மூன்று முட்டலுக்குப் பின் 51 பங்கு எஞ்சும். 40 பங்கை மட்டும் தரும் சுவரானால் எஞ்சுவது 6 பங்கு. கருநீலம் அந்த 40-ஐக்கூடத் தராது. வெளிர் ரோஜாவோ, செந்நிற ஒளியை மிகுதியாகத் திருப்பி, பிறவற்றைச் சிறிது சிறிதாக விழுங்கும்; ஒவ்வொரு முட்டலிலும் ரோஜா முற்றும். கடைசியில் நடை முழுவதும் வெற்றிலைச் சாறு பூசியதுபோல் ஆகியிருக்கும். அத்தையின் நிறமும் தோற்றது, நம் நிறமும் தோற்றது. 30 ஆண்டு சுவரோடு நின்றவரின் சொல் வென்றது. அவர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவரல்லர். கல்லூரிகளுக்கு வெள்ளையடித்திருப்பதாகச் சொன்னார்.

அவர் சொன்னபடியே மூன்று வெள்ளைகளைச் சிறு டப்பாக்களில் வாங்கி, சுவரில் ஓரடிச் சதுரமாக, வாசல் ஓரம் ஒன்று, நடு நடையில் ஒன்று, படி ஓரம் ஒன்று எனப் பூசினோம். இரண்டு கை ஓட்டி, காய விட்டு, காலையிலும் மதியத்திலும் விளக்கேற்றிய பிறகும் பார்த்தோம். ஒன்று சற்று நீலம் ஓடிய வெள்ளை. பகலில் நன்றாயிருந்தது, இரவில் மருத்துவமனை போலாயிற்று. நடையில் இருந்த குழல்விளக்கு 6500 கெல்வின், நீல ஒளி சிந்துவது. அதை மாற்றி 3000 கெல்வின் விளக்கைப் போட்டதும் அதே சுவர் வேறு சுவராயிற்று. நிறம் சுவரில் பாதி, விளக்கில் பாதி என்பதை நியூட்டன் தம் ஒளியியல் நூலை 1704-இல் வெளியிட்ட நாளிலிருந்து உலகம் அறியும். நம் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. கடைசியில் அப்பாயியையே அழைத்து நிறுத்தினோம். துளி மஞ்சள் கலந்த வெள்ளையைக் காட்டி, “இதுதான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது” என்றார். தங்கையும் அதையே சொன்னாள்.

பழைய பூச்சைச் சுரண்டும்போது அந்தச் சுவர் தன் வரலாற்றைத் தானே சொல்லிற்று. மேலே மங்கிய எமல்ஷன், அதனடியில் பச்சை டிஸ்டெம்பர், அதனடியில் வெளிர் நீலம், அடியிலே பாட்டனாரின் சுண்ணாம்பு. நிலைக்கதவின் பழைய எனாமலை மட்டும் அவர் உப்புத்தாள் கொண்டு உலர் நிலையிலேயே தேய்க்கப் போனபோது தடுத்தோம். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அந்தத் தூள் மூச்சில் போனால் உடலில் தங்கும். வீட்டுச் சாயங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற இந்திய அரசின் விதி 2016-இல்தான் பிறந்தது; 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னெல்லாம் எவ்வளவு தேய்த்தார், எவ்வளவு மூச்சிழுத்தார் என்று அவரைக் கேட்டோம். சிரித்தார். “மூச்சைக் கணக்குப் பார்த்தால் கூலி கிடைக்குமா தம்பி?” நீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லி, மூக்குக்குத் துணி கட்டச் செய்தோம். இதனால் வேலை ஒரு நாள் நீண்டது, அந்த ஒரு நாளுக்கும் கூலி தர அப்பா முனகினார், தந்தார்.

சுவர் முடிந்தது. இனிப் படி. வெள்ளைச் சுவர், வெளிறிய தரை, வெளிறிய படி. வெளிச்சம் வந்துவிட்டது, விளிம்பு இன்னும் வரவில்லை. படியின் ஓரத்தில் இரண்டங்குலப் பட்டை, சுவரடியில் நான்கு அங்குலப் பட்டை, இரண்டும் கறுப்பு. தங்கையின் முடிவு இது.

போர் மீண்டும் மூண்டது. “தலைவாசல் நடையிலா கறுப்பு? நல்ல காரியம் நடக்க இருக்கும் வீட்டிலா?” அத்தையின் கண்ணில் நீரே வந்துவிட்டது. பழுப்பு அடிக்கலாம், பச்சை அடிக்கலாம், கறுப்பு மட்டும் வேண்டாம் என்றார். சுவரிலே வேண்டாத கறுப்பும் பெண்ணிலே வேண்டாத கறுப்பும் ஒரே கறுப்புத்தான் என்பது அப்போதுதான் நமக்கு முழுமையாக உறைத்தது.

கரிசல் மண் கறுப்பு. பருத்தி வெடித்துச் சிரிப்பது அதில்தான். கார்முகில் கறுப்பு, அது வராவிட்டால் காவிரிப் படுகையே கண்ணீர்ப் படுகை. கூந்தல் கறுப்பென்றால் கொண்டாட்டம். கூந்தலுக்குக் கீழே நெற்றி கறுப்பென்றால் திண்டாட்டம்! பிள்ளைக்குக் கண்ணேறு படாதிருக்கக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு. அந்தப் பிள்ளையே கறுப்பாய்ப் பிறந்துவிட்டால் பெற்றவளுக்கு ஆறுதல் மொழிகள்! வெயில் நிறைந்த நிலத்திலே வாழ்ந்தவர்களின் தோலை, அதிலுள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருளன்றோ புற ஊதாக் கதிரிலிருந்து காத்துவந்தது? குடையை வாழ்த்திவிட்டுக் குடையின் நிறத்தைப் பழிப்பவர்களை என்னவென்பது? கரும்பலகையில் எழுதிப் பிழைக்கும் நமக்கு இதைச் சொல்லும் உரிமை சற்றுக் கூடுதலாகவே உண்டு. வெண்கட்டியால் எழுதியது தெரிவதே பின்னாலிருக்கும் கறுப்பினால்தான்.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னோமா? இல்லை. ஷெவ்ரல் கற்பித்த பாடம் நினைவிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

பேசியவர் அப்பாயி. கட்டவிழ்த்த மணிக்கட்டைத் தடவியபடியே, அத்தையைப் பார்த்து, “நான் கறுப்பு. என்னைக் கட்டிக்கொண்டு வந்துதான் உன் அப்பா இந்த வீட்டைக் கட்டினார். அடிக்கச் சொல்” என்றார். அவ்வளவுதான். வண்ணக்காரர் மொசைக்கை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கறுப்புப் பூசி, ஈரத்தின்மேல் வழுக்காதிருக்க நுண்மணல் தூவினார்.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று வந்தார்கள். நடையிலே தங்கை ‘வந்து நிற்க’வில்லை, கதவைத் திறந்து அவர்களை அழைத்து வந்தவளே அவள்தான். “படி இருக்கிறது, பார்த்து” என்றாள். மாப்பிள்ளையின் தாயார் குனிந்து பட்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காப்பி குடித்தார்கள், ஊர்ப் பேச்சுப் பேசினார்கள், கலந்துகொண்டு சொல்கிறோம் என்று புறப்பட்டார்கள். இதை எழுதும் நாள்வரை சொல்லி அனுப்பவில்லை. இரண்டு வாரங்கள் ஆகின்றன. அம்மா தொலைபேசியைப் பார்க்கிறார். தங்கை பார்ப்பதில்லை, அல்லது நாம் இல்லாதபோது பார்க்கிறாளோ, அறியோம். அவளைக் கேட்கும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை.

அப்பாயி மட்டும் அன்றாடம் மாலையில் கைத்தடியோடு நடையைக் கடந்து திண்ணைக்குச் செல்கிறார். படியருகே வந்ததும் தடியின் முனையால் கறுப்பை ஒருமுறை தொடுகிறார்; பிறகு காலை எடுத்து வைக்கிறார். எவர் கையையும் பிடிப்பதில்லை.

டப்பாவில் கறுப்பு அரை லிட்டர் மிஞ்சியிருந்தது. சென்ற விடுமுறை நாளில் தங்கை அதை எடுத்துக்கொண்டு போய், தெருப்படிகளுக்கும் கொல்லைப்புறப் படிக்கும் தானே குந்தியமர்ந்து பட்டை தீட்டினாள். அத்தை அவள் பின்னால் வந்து நெடுநேரம் நின்றார். தடுக்கப் போகிறார் என்று நாம் எழுந்தோம்.

“அந்த மூலை விட்டுப்போயிற்று பார்” என்றார் அத்தை.